கல்யாணப் பத்திரிகையின் புரூஃப்

“நான் வேண்டாம்னு சொன்னா அந்த நிமிஷமே நிறுத்திடணும். கல்யாணத்துக்கு அப்புறமும்தான். சரின்னு வாயைத் திறந்து சொல்லுங்க.”

சொல்லிவிட்டேன். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டதைத்தான் கேட்டேன்.

எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை சிரித்தார். அச்சகத்தின் புரூஃப் அறையில் நாங்கள் இருவர்தான். நடுவில் எங்கள் கல்யாணப் பத்திரிகையின் புரூஃப், பிழை பார்க்க எடுத்த மாதிரித் தாள். இங்கே எதுவானாலும் புரூஃப் பார்ப்பவர் ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மிஷின் ஓடும். அந்த ஆள் நான். என் பத்திரிகைக்கும் நானேதான். அந்தக் கையெழுத்துக்காகத்தான் வந்திருந்தார்.

“எந்தப் புஸ்தகத்துல படிச்ச இதை?”

“இங்க அச்சாகுற புஸ்தகத்துலதான்.”

பொய்யில்லை. தாம்பத்தியம் பற்றி ஒரு டாக்டர் எழுதியது. என்னோடு வேலை பார்க்கும் அக்கா கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிப்பார், நான் புரூஃபில் சரிபார்ப்பேன். முதலிரவு அத்தியாயத்தைக்கூட மளிகைச் சீட்டு மாதிரிதான் படித்தார்: “அவசரப்படாதீர்கள் முற்றுப்புள்ளி. முத்தம் கமா தொடுதல் கமா.” சிரித்து எனக்குப் புரையேறியது. ‘மனைவி வேண்டாமென்றால் அங்கேயே நிறுத்துங்கள்’ என்ற வரி வந்ததும் அக்காவின் குரல் நின்றது. நான் கேட்காமலே இன்னொரு முறை படித்தார். முற்றுப்புள்ளி சொல்ல மறந்துபோனார்.

“பதினாறு வருஷமாச்சுடி எனக்குக் கல்யாணமாகி,” என்றார். அவ்வளவுதான். இவரிடம் இதைக் கேட்டே தீருவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

மாப்பிள்ளை எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடவில்லை. போட்டுவிடுவாரோ என்று அதையே பார்த்தேன்.

“உங்க வீட்டுலயே முதல் டிகிரி நீதான்னு பெருமையாச் சொன்னாங்க. இந்தத் திமிரைப் பத்தி யாரும் மூச்சு விடலையே?” குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன பெர்மிஷன்? கையெழுத்தைப் போடு.”

பேனாவை என் விரல்களுக்குள் திணித்து மணிக்கட்டைப் பிடித்தார்.

“வேண்டாம். விடுங்க.”

விடவில்லை. சிரித்தபடியே இன்னும் அழுத்தினார். கீழே மிஷின் இரைச்சல். கத்தினாலும் யாருக்கும் கேட்காது. பட்டப்பகலில், நான் சம்பளம் வாங்கும் இடத்திலேயே இப்படி. அவர் வீட்டு அறையில் எப்படி?

கதவு திறந்தது. கழுவிய டிபன் பாக்ஸோடு அக்கா. மாப்பிள்ளையின் கை சட்டென்று விலகியது.

“சும்மா விளையாட்டுக்குக்கா,” என்றார்.

அக்கா என் மணிக்கட்டைப் பார்த்தார். கதவை இன்னும் அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

பத்திரிகையின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். கீழே எழுதினேன்: ‘அச்சிட வேண்டாம்.’ கையெழுத்துக் கோணலாகத்தான் விழுந்தது.

“ஏய், என்ன பண்ற? உங்கம்மாகிட்ட யாரு பதில் சொல்றது?”

“நான்தான்.”

மிஷின்காரரிடம் கொடுக்க அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அக்காவைக் கடந்து வெளியே வந்தேன்.