பாஸ்போர்ட்டுக்கு நேர்ந்துவிட்ட தலை

1

இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. பழனி அடிவாரத்தில் இட்லி சாப்பிடப் போன கடையில் கிடைத்தது. கடைக்கார அம்மா சிவபாக்கியம் சட்னியோடு கதையையும் பரிமாறிவிட்டு, "முடிவு மட்டும் தெரியல. அத நீங்க எழுதுங்க," என்றார்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'பொன்னிற மணலில் ஒட்டகங்கள் வரிசையாக...'

(அடித்துவிட்டேன். நான் ஒட்டகம் பார்த்தது மதுரைக்கு வந்த சர்க்கஸில்.)

2

1962இல் கொடைக்கானல் பாக்கியநாதன் வாத்தியார் தலைமையில், அவரையும் சேர்த்துப் பதினோரு கிறிஸ்தவர்கள் எருசலேமுக்குப் புனித யாத்திரை கிளம்பினார்கள். பஸ்ரா வரை கப்பல், அப்புறம் பாலைவனத்தில் பஸ். பாலைவனமானாலும் ரசம் வேண்டுமே! சமையலுக்கு சிவபாக்கியத்தின் கணவர் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார்கள். முருக பக்தனுக்கு அங்கே என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள்.

"அவுக சாமியும் மலமேல நின்னுதான் பேசியிருக்காராம். அந்த மலைக்கு எத்தன படின்னு எண்ணிட்டு வாரேன்," என்று நாச்சிமுத்து ஒற்றைக்காலில் நின்றார்.

பாஸ்போர்ட் மட்டும் வந்தபாடில்லை. சிவபாக்கியம் முருகனிடம் முடி காணிக்கை நேர்ந்துகொண்டார். தன் முடியை அல்ல, கணவர் முடியை. மறு வாரமே பாஸ்போர்ட் வந்தது. தலை, தாடி, மீசை எல்லாம் மழித்து, சந்தனம் பூசி அனுப்பிவைத்தார்.

பாஸ்போர்ட் படத்திலோ புதர்த் தலையும் முறுக்கு மீசையும்.*

(* பம்பாயிலும் பஸ்ராவிலும் எப்படி விட்டார்கள் என்று கேட்காதீர்கள். கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டார்.)

3

பாலைவனச் சோதனைச் சாவடியில் அதிகாரி படத்தைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"நான்தானுங்க. வீட்டுல நேந்துக்கிட்டா," என்றார் நாச்சிமுத்து.

வாத்தியார் இதை ஆங்கிலத்தில் விளக்கப் புகுந்து, கடவுளுக்கு எதற்கு முடி என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டார். அதிகாரி நாச்சிமுத்துவை பெஞ்சில் உட்காரவைத்தார். வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

"ரசப்பொடி மஞ்சப் பையில கெடக்குங்கய்யா. நீங்க வெரசா கெளம்புங்க," என்றார் நாச்சிமுத்து. எழுதுகிற எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது.

4

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

(அ) அதிகாரி தொப்பியைக் கழற்றுகிறார். அவருக்கும் மொட்டை! ஹஜ் முடித்து முடி இறக்கிவிட்டு வந்த வாரம். சிரித்துக்கொண்டே முத்திரை குத்துகிறார். (எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.)

(ஆ) பத்து நாள் சாவடியிலேயே சமைத்துப் போட்டுவிட்டு, திரும்பி வந்த பஸ்ஸில் ஏறிக்கொள்கிறார். அந்த மலையை அவர் கடைசிவரை...

எருசலேமில் எடுத்த போட்டோ ஒன்றைப் பார்த்தேன். பதினோரு பேர்தான் இருக்கிறார்கள், நாச்சிமுத்து இல்லை. ஆனால் அத்தனை பேருக்கும் நெற்றிக்கு மேலே தலை வெட்டுப்பட்டிருக்கிறது. எடுத்தவர் நாச்சிமுத்துவாக இருந்தால் ஆச்சரியமில்லை.

வாத்தியாரைக் கேட்டேன். "ஸாரி தம்பி, சொல்ல மாட்டோம்னு நாங்க எல்லாருமே அவருக்கு ப்ராமிஸ் பண்ணியிருக்கோம்." நாச்சிமுத்துவையே கேட்டேன். "ஒங்க சோலியப் பாருங்க," என்று சாம்பார் வாளியோடு நகர்ந்துவிட்டார்.

5

"போயிருந்தா ஊரெல்லாம் பீத்தியிருப்பாரு. போகலேன்னா என்னயத் திட்டித் தீத்துருப்பாரு. ஆறு வருசமா ரெண்டுமில்ல," என்றார் சிவபாக்கியம். "தலைய நேந்துவிட்டது நான்தான? கெடுத்தேனா, இல்லையா? அத மட்டும் எழுதுங்க."

எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. இந்தப் புத்தகத்தைக் கல்லாவில் வைத்துக்கொண்டு, சாப்பிட வருகிறவர்களில் கண்ணாடி போட்டவராகப் பிடித்துப் படிக்கச் சொல்வார். நீங்கள் கண்ணாடி போடுவீர்களா? அப்படியானால் (அ), (ஆ) இரண்டில் ஒன்றை மட்டும் சத்தமாகப் படியுங்கள். எது என்பது உங்கள் பாடு.

படிக்கும்போது அடுப்படிப் பக்கம் ஒரு கண் வையுங்கள். நாச்சிமுத்து கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.