சைக்கிளோடு வந்த பெண்

சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று என் பழைய புடவையைக் கிழித்துச் சுத்தியலுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார் எங்காத்துக்காரர். கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள், அது போதாதென்று ஒரு முட்டுக்கட்டை வேறு. கிணற்றடிச் சுவரில் சைக்கிள் சாய்ந்து நின்றது. திருட்டுச் சாமானைப் பிரித்துப் பங்கு போடுகிறவர்கள்கூட இவ்வளவு பயப்பட மாட்டார்கள். நாம் வாங்கிக் கொடுத்த சைக்கிள், நம் கொல்லை, நம் சுத்தியல், இதில் ஒளிய என்ன இருக்கிறது என்று கேட்டேன். "மெதுவாப் பேசு, கோமளம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவர் எனக்கு ஓதிவரும் வேதம் அது ஒன்றுதான்.

அது எங்கள் மாப்பிள்ளை சேஷகிரியின் சைக்கிள். அட்டாரா கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா, பசவனகுடியில் வீடு. ஆனி மாதம் எங்கள் பெண் ராஜலக்ஷ்மியைக் கைப்பிடித்தபோது மோதிரத்தோடு சீமைச் சைக்கிள் ஒன்றும் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கடையில் எண்ணெய்ப் பளபளப்பு மாறாமல் நின்ற புதுச் சைக்கிளாகப் பார்த்து இவர் வாங்கிக் கொடுத்தார். மாலை போட்டு, பந்தலில் மாப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். பெண்ணை விட அதைத்தான் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

போன வாரம் அதே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்றார் மாப்பிள்ளை. பின்னால், கையில் ஒரு துணிப்பையோடு என் பெண். ஹேண்டில் இறுகிப்போய்த் திரும்ப மறுத்ததால் ஏறி ஓட்ட முடியவில்லையாம். அதனால் பசவனகுடியிலிருந்து மல்லேஸ்வரம் வரை தூறலில் அவர் தள்ளிக்கொண்டு வர, அவள் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறாள். ஒரு ஜட்கா வண்டியில் ஏற்றி அனுப்பினால் குறைந்தா போய்விடுவார்? உட்காரவில்லை, தீர்த்தம்கூடக் குடிக்கவில்லை.

"பழைய சைக்கிளுக்குப் பெயின்ட் அடிச்சு என் தலையில கட்டியிருக்கேள், மாமா" என்றார். "ஹேண்டில் கல்லாட்டம் இருக்கு. சரி பண்ணிட்டுச் சொல்லி அனுப்புங்கோ. அதுவரைக்கும் ராஜியும் இங்கயே இருக்கட்டும். தீபாவளிக்கு வரதைப் பத்தியெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

மாப்பிள்ளை முறுக்கு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது பலகாரம் போதவில்லை, வேஷ்டிக் கரை பிடிக்கவில்லை என்கிற முறுக்கு. பெண்ணையும் சைக்கிளையும் ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்துகிற முறுக்கை நான் கேள்விப்பட்டதில்லை. தலை தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில், பக்கத்து வீட்டில், கோயிலில், எல்லோருக்கும் ஒரே கேள்வி: "மாப்பிள்ளை எப்போ வரார்?" புதுப்பெண் தனியாக வந்து உட்கார்ந்திருக்கிறாளே என்பதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம். தீபாவளிக்கு அவர் வராமல் போனால் இந்தப் பெண்ணை ஊர் என்ன சொல்லும் என்பதை நினைத்தே எனக்குத் தூக்கம் போயிற்று. ராஜி எதற்கும் வாயைத் திறக்கவில்லை. வந்த அன்று அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு, என் கல்யாணத்துக்கு எனக்குப் போட்டு, நான் அவளுக்குப் போட்டனுப்பிய பவழ மாலை எங்கே என்று கேட்டேன். நூல் அறுந்துவிட்டது, கோக்கக் கொடுத்திருக்கிறேன் என்றாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

மார்க்கெட் முனையில் சைக்கிள் கடை இருக்கிறது. அங்கே கொண்டுபோனால் யார் சைக்கிள், ஏன் இங்கே வந்தது என்று கேட்பான். சாயங்காலத்துக்குள் மல்லேஸ்வரம் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் இவர் தம்மைத் தெரியாத சிக்பேட்டைக் கடைக்குப் போய், ஹேண்டில் தண்டு சுழல்வதற்கு மேலும் கீழும் வைக்கிற எஃகுக் கிண்ணங்கள், மிளகளவு குண்டுகள், நட்டு எல்லாம் அடங்கிய செட்டை வாங்கி வந்தார். எப்படி மாட்டுவது என்று சிநேகிதருக்காகக் கேட்பதுபோல் கேட்டாராம். பெண்ணைப் பெற்றவன் பொய் சொல்ல வேண்டிய இடங்களுக்கு ஒரு கணக்கே இல்லை.

கொல்லைக் கதவைத் தாழிட்ட அந்த மத்தியானம் ராஜி சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, இவர் ஹேண்டிலைத் தட்டித் தட்டி உருவினார். மேல் நட்டைக் கழற்றியதும், முன்சக்கரத்தைத் தாங்குகிற கவை மெல்லக் கீழே இறங்கிற்று. நான் வைத்திருந்த அலுமினியத் தட்டில் குண்டுகள் பொலபொலவென்று விழுந்தன. கூடவே சிவப்பாக ஏதோ சேறு.

"துரு" என்றார் இவர். விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இல்லை, ஆயுத பூஜைக் குங்குமம். உள்ள இறங்கியிருக்கு" என்றார்.

குங்குமம் நரநரவென்று இருக்குமா? நான் தட்டை வாங்கி மண்ணெண்ணெய் ஊற்றி அலசினேன். எஃகுக் குண்டுகள் கறுப்பாக ஒரு பக்கம் உருண்டன. மற்றதெல்லாம் சிவப்புப் பொடியும் தூளும். நடுவில் பாதியாக உடைந்த மணி ஒன்று கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் துளை ஓடிய தடம். எஃகுக் குண்டுக்குத் துளை எதற்கு? எத்தனை வெள்ளிக்கிழமை அந்தப் பவழத்தைப் பாலில் கழுவித் துடைத்திருக்கிறேன். எனக்குத் தெரியாதா என் பவழம்?

ராஜியைப் பார்த்தேன். அவள் சைக்கிளைப் பிடித்த கையை எடுக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யார் போட்டா?"

"அவர்தான்" என்றாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆயுத பூஜைக்குச் சைக்கிளைத் துடைக்கிறேன் பேர்வழி என்று அவர் எல்லாவற்றையும் கழற்றியிருக்கிறார். குண்டுகளில் பாதி உருண்டு ஜலதாரையில் போய்விட்டன. பூஜை நாளில் எந்தக் கடைக்காரன் ஆயுதத்தைத் தொடுவான்? மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் காத்திருக்கிறார். பிரித்த சைக்கிளுக்கா பொட்டு வைப்பது? "'உன் மாலையைக் கழட்டு, அளவு சரியா இருக்கும்'னார். கொடுத்தேன். பூஜைக்கு மட்டும்தான், மறுநாளே எடுத்துடறேன்னார். மறுநாள் ஹேண்டில் நன்னாத் திரும்பித்து. அப்படியே ஓட்டிண்டு போயிட்டார்."

"உங்கப்பா பழசை வாங்கிக் குடுத்தார்னு வாசல்ல நின்னு சொன்னாரே, அப்போ ஏன்டீ வாயை மூடிண்டிருந்தே?"

"சொல்லாதேன்னார்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தை இடித்ததே ஆடத் தெரியாதவர்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் மேல் மட்டும் இல்லை. 'சொல்லாதே' என்றால் பெற்ற தகப்பன் தலைகுனிந்து நிற்கும்போதுகூடச் சொல்லாத இந்தப் பெண் மேலும்தான். அப்படி அவளை வளர்த்தவள் யார்? எட்டு ஊருக்குக் கேட்கிற என் வாயை வைத்துக்கொண்டு, பெண்ணுக்கு மட்டும் வாயில்லாப் பூச்சி என்று பேர் வரும்படி பார்த்துப் பார்த்து வளர்த்தேன். அது பெருமை என்று நினைத்தேன்.

இவர் தட்டை என் கையிலிருந்து வாங்கிச் சாக்கடையில் கவிழ்த்தார். "நாம பார்க்கவே இல்லைன்னு வெச்சுக்கோ" என்றார். "அவரண்ட இதைக் கேட்டு ஜெயிச்சு என்ன பண்ணப் போறே? இவ அங்கதானே போய் இருக்கணும்?"

 அந்தக் கேள்விதான் என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

பழைய கிண்ணங்களைக் கம்பியால் உள்ளிருந்து தட்டி வெளியேற்றினார். புதுக் கிண்ணத்தை வைத்து, மேலே பலகைத் துண்டு ஒன்றை வைத்து, துணி சுற்றிய சுத்தியலால் அடித்தார். கோணலாக இறங்கிற்று. எடுத்து மறுபடி அடித்தார், மறுபடி கோணல். துணி சுற்றினால் அடி எங்கே விழும்? ராஜி சுத்தியலை வாங்கினாள். சுற்றியிருந்த துணியை உருவி எறிந்துவிட்டு ஓங்கி அடித்தாள். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். இவர் வாயைத் திறந்து மூடினார். கிண்ணம் நேராக உட்கார்ந்தது. பிறகு கிரீஸ் டப்பாவைத் திறந்தாள். அது மிருகக் கொழுப்போ என்னவோ, தொட்டால் ஸ்நானம் பண்ண வேண்டுமோ என்று நான் யோசிப்பதற்குள் முழங்கைவரை பூசிக்கொண்டுவிட்டாள். கிரீஸில் ஒவ்வொரு குண்டாக ஒட்டி வைத்தாள். கவையை ஏற்றி, நட்டை இறுக்கி, திருப்பிப் பார்த்து, பிடிக்கிறது என்று தளர்த்தி, ஆடுகிறது என்று மறுபடி இறுக்கினாள். கடைசியில் ஒற்றை விரலால் தள்ளினாள். ஹேண்டில் சத்தமில்லாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று.

சைக்கிள் தயார் என்று சொல்லி அனுப்பியதில், மறுநாள் சாயங்காலம் கச்சேரி முடிந்ததும் மாப்பிள்ளை வந்தார். முதலில் பெண்டாட்டியைக் கேட்பார் என்று கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். சைக்கிளைத்தான் கேட்டார். வாசலில் நிறுத்தி ஹேண்டிலை இப்படியும் அப்படியும் திருப்பினார். மணியை அடித்துப் பார்த்தார்.

"இப்ப சரியா இருக்கு. முதல்லயே பார்த்து வாங்கியிருந்தா இந்த அலைச்சல் இல்லை பாருங்கோ."

"ஆமாமாம்" என்றார் இவர்.

அந்த 'ஆமாமாம்' காதில் விழுந்ததும் என்னால் முடியவில்லை. எங்கள் வழக்கத்தில் மாமியார் மாப்பிள்ளைக்கு நேரே நின்று பேசுவதில்லை. நான் கதவைத் தாண்டி வந்து வாசற்படியில் நின்றேன்.

"உள்ளே பவழம் இருந்தது, மாப்பிள்ளை."

அவர் முகம் சிவக்கும், பேச்சுத் தடுமாறும் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்குப் பின்னால் நின்ற ராஜியைப் பார்த்தார்.

"சொல்லாதேன்னு சொல்லியிருந்தேனே" என்றார். குரலை உயர்த்தவில்லை. அந்தத் தணிந்த குரலைக் கேட்டு என் பெண் ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவள் தோள் சட்டென்று குறுகியது. அந்தக் குரல் அவளுக்குப் பழக்கம் என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது.

"அவ வாயைத் திறக்கலை" என்றேன். "நாங்கதான் கிண்ணத்தைத் திறந்தோம்."

"ஆத்துல போய்ப் பேசிக்கறேன். கிளம்பு, ராஜி. ஜட்கா ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வா, அங்க ஏத்தி விடறேன்." படியிறங்கிச் சைக்கிளைத் தெருவுக்கு உருட்டினார்.

ராஜி உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். இவரை நமஸ்கரித்தாள், என்னை நமஸ்கரித்தாள். அவள் நகக்கண்களில் கிரீஸ் இன்னும் போகவில்லை. வாசல் கேட் வரை போனாள். கேட்டின் கம்பியைப் பிடித்தாள். அங்கேயே நின்றாள்.

போடி கண்ணே, கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வேண்டும். எல்லா அம்மாக்களும் சொல்கிறது அதுதான். எனக்கும் சொல்லி அனுப்பியது அதுதான். நாக்கு நுனி வரை வந்தது. நான் சொல்லவில்லை. இவரைத் திரும்பிப் பார்த்தேன்.  'மெதுவா' என்றுகூட இவர் சொல்லவில்லை.

மாப்பிள்ளை பேசிக்கொண்டே போனார். ஒரு கையால் சைக்கிளைத் தள்ளினார். மறு கையின் விரலைப் பின்பக்கமாக ஆட்டி ஆட்டித் திட்டினார். வார்த்தை எங்களுக்குக் கேட்கவில்லை. எதிரே வந்த பால்காரன் விலகி நின்று, அவரையும் அவருக்குப் பின்னால் இருந்த வெறும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தான். அவர் திரும்பியே பார்க்கவில்லை. முனையில் செண்பக மரத்தடிக்கு வந்ததும் விரலை இன்னொரு முறை ஆட்டினார். பிறகு ஒற்றைக் கையாலேயே ஹேண்டிலை வளைத்தார். அது வழுக்கிக்கொண்டு திரும்பியது.