கரடிக்குப் பின் வாங்கிய ஸ்கோப்

மேகலாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பழகியவர்களாக இருந்தால் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள்; பழகாதவர்களைத்தான் ஒரே ஒரு பொய் பாடாய்ப் படுத்தும். அவள் ஓசூர்ப் பக்கம் வனத்துறையில் கால்நடை மருத்துவர். மயக்க ஊசித் துப்பாக்கி அவள் கைக்கு வந்து நாலு வருஷமாகிறது. யானைக்குப் போட்டாள், காட்டெருமைக்குப் போட்டாள், ஊருக்குள் வந்த மிளா மானுக்குப் போட்டாள். குறை சொல்ல ஆளில்லை. ஜனவரியில் நாகரசம்பட்டிப் பக்கத்து மாந்தோப்பில் அந்தக் கரடி வந்து சேர்ந்தது, எல்லாம் கெட்டது.

அந்தத் துப்பாக்கி கேஸ் அழுத்தத்தில் ஊசியைத் தள்ளும். எத்தனை மீட்டருக்கு எத்தனை அழுத்தம் என்று துப்பாக்கிக் கட்டையிலேயே ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். தூரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. தப்பாகச் சொன்னால் ஊசி ஒன்று பாதி வழியில் தொங்கிப் போகும், இல்லையென்றால் எலும்பை உடைக்கும். மேகலா கரடியைப் பார்த்தாள், முப்பது மீட்டர் என்று நினைத்தாள், அதற்கு அழுத்தம் வைத்தாள், சுட்டாள். ஊசி தணிந்து போய் முன்னங்காலில் உரசி, பாதி மருந்துதான் உள்ளே இறங்கியது. அரை மயக்கத்தில் ஓடிய கரடி, கைவிட்ட கல்குவாரித் தண்ணீரில் விழுந்து மூழ்கிச் செத்தது. கூட்டம் கலைந்த பிறகு அவள் தனியாகத் தோப்புக்குத் திரும்பி வந்து காலடி வைத்து அளந்தாள். நாற்பத்தெட்டு மீட்டர் வந்தது.

அன்று சாயங்காலம் எழுதிய அறிக்கையில் அவள் நாற்பத்தெட்டை எழுதவில்லை. 'துப்பாக்கியின் பழைய குறிமுனை தெளிவாக இல்லாததால் குறி தவறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டாக்டர் மேல் தப்பு என்றால் துப்பாக்கியை வாங்கி வேறு கோட்டத்து ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று மேலே பேச்சு அடிபட்டது. அந்தத் துப்பாக்கியை விட்டுக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதற்காகத்தான் அந்தப் பொய்.

ரேஞ்சர் குருமூர்த்தி அதை அப்படியே நம்பினார். பாவம் மனுஷன், நம்பியதோடு நிற்கவும் இல்லை. "நல்ல டாக்டரம்மாகிட்ட ஓட்டை சாமானக் குடுத்துட்டு குறி பாருன்னா எப்பிடிப் பாப்பாங்க?" என்று ஒவ்வொரு மேஜையாக நின்று சண்டை பிடித்தார். இரண்டு மாசம் நடையாய் நடந்து, துப்பாக்கி மேல் பொருத்தும் ஸ்கோப் வாங்க இருபதாயிரம் ரூபாய்க்கு அனுமதி வாங்கி வந்து கையில் கொடுத்தார். "போங்கம்மா. உங்களுக்குப் புடிச்சதா பாத்து வாங்குங்க" என்றார். அவர் ஒவ்வொரு தடவை சிரிக்கும்போதும் மேகலா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ஓசூர் பாகலூர் சாலையில் பிரதாப்பின் கடை. ஏர்கன், போட்டித் துப்பாக்கிச் சாமான்கள், இரட்டைக் குழல் தொலைநோக்கிகள் எல்லாம் வைத்திருப்பவன். டிரைவர் ஆனந்தராஜ் ஜீப்பை ஓரம் கட்ட, மேகலா உள்ளே போனாள். பிரதாப் மூன்று ஸ்கோப்புகளை எடுத்து வரிசையாக வைத்தான்.

"எவ்ளோ தூரத்துல சுடுவீங்க மேடம்?"

"இருபது, முப்பது. மிஞ்சிப் போனா அம்பது மீட்டர்."

"அப்ப இந்தச் சின்னதே போதும். நாலு பவர், நாலு மடங்கு பெருசாக் காட்டும். நாலாயிரத்து ஐநூறு. பெரிய மிருகம் முழுசாத் தெரியும், கிட்டத்துலயும் மங்காது. மூணுல இருந்து ஒம்போது வரைக்கும் போறது ஒண்ணு இருக்குது, எட்டாயிரம். அதுவும் பரவால்ல."

"அந்தப் பெருசு?"

"ஆறுல இருந்து இருவத்தி நாலு பவர். பதினெட்டாயிரத்து ஐநூறு. ஆனா அது நூறு மீட்டருக்கு மேல பாக்கறவங்களுக்கு மேடம். வெளிநாட்டுல மலை மேல மான் வேட்டைக்குப் போறாங்களே, அவங்க கேப்பாங்க. கிட்டத்துல வெச்சா கலங்கலாத் தெரியும்."

மேகலா பெரியதைக் கையில் எடுத்துக் கடை வாசலில் நின்று சந்திரசூடேஸ்வரர் மலையைப் பார்த்தாள். அடேயப்பா! கோபுரத்துப் பொம்மையின் மூக்கு தெரிந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்த குரங்கின் காதில் முடி தெரிந்தது. கண்ணை எடுக்கவே மனசில்லை.

பிரதாப் விடவில்லை. "நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அந்த நாலு பவரை எடுத்துக்குங்க. கூடவே தூரம் அளக்கற மெஷின் ஒண்ணு, பன்னெண்டாயிரம். பட்டனை அமுக்கினா மீட்டர் காட்டும். ரெண்டும் சேந்து உங்க பட்ஜெட்டுக்குள்ளயே வந்துடும். உங்க துப்பாக்கிக்குத் தூரம்தானே முக்கியம்?"

யாரோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது அவளுக்கு. அவன் ஒன்றும் தெரிந்து சொல்லவில்லை, வியாபாரியாகச் சொன்னான். ஆனாலும் தூரம் அளக்கிற கருவியோடு ஆபீசுக்குப் போனால் குருமூர்த்தி என்ன கேட்பார்? குறிமுனைதான் கெட்டுப் போனது என்று எழுதிக் கொடுத்தவள் தூரத்துக்கு எதற்கு மெஷின் வாங்குகிறாள்? குறிமுனை மேல் பழி போட்டாயிற்று; இனி வாங்குவது குறிமுனையைத் தூக்கிச் சாப்பிடுகிறதாக இருக்க வேண்டும். பொய்க்குப் பொருத்தமாக ஒரு ஸ்கோப் வேண்டும், அவ்வளவுதான்.

"தூரமெல்லாம் எனக்குக் கண்ணாலயே தெரியும்" என்றாள் வெடுக்கென்று. "பெருசையே போடுங்க."

பிரதாப் தோளைக் குலுக்கிவிட்டு அட்டைப் பெட்டியைத் தேடப் போனான்.

ஆபீசில் அதற்கு நடந்த வரவேற்பைப் பார்க்க வேண்டுமே! ஆளாளுக்கு எடுத்துக் கண்ணில் வைத்து, தூரத்து லே-அவுட்டில் துணி காயப் போடுகிறவர்களைப் பார்த்தார்கள். குருமூர்த்திக்குத் தானே சுட்டு மெடல் வாங்கியது போல முகம். மேகலா பின்பக்கத்து மைதானத்தில் சாக்கு மூட்டையைக் கட்டி நாற்பது மீட்டரில் குறி பழக்கினாள். சுமாராகப் பட்டது. இருபதுக்கு வந்தபோது மூட்டையின் இழைகள் ஒன்றோடொன்று கலந்து போயின. கண்ணைக் கசக்கிக்கொண்டு, வெயில் கூச்சம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஏப்ரல் மாசம் ஒரு காலையில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து போன் வந்தது. வெங்கடம்மாவின் தக்காளித் தோட்டத்து வேலியோரம் யாரோ பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டிக்கொண்டிருக்கிறது. ஏழரை மணிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ரோட்டில் இருநூறு பேர். போலீஸ் கயிறு கட்டித் தடுத்து வைத்திருந்தது. பெண் சிறுத்தை. சுருக்கு இடுப்பில் இறுகி, அது இழுக்க இழுக்கச் சுருக்கைக் கட்டியிருந்த வேலிக் கல் ஆடியது. அந்தக் கல் பிடுங்கிக்கொண்டால் சிறுத்தை நேரே கூட்டத்துக்குள்தான் பாயும்.

"கல்லு ரொம்ப நேரம் தாங்காது மேடம்" என்றான் ஆனந்தராஜ்.

மேகலா தோட்டத்தின் இந்தக் கரை வரப்பில் படுத்தாள். வெங்கடம்மா பக்கத்திலேயே குந்தியிருந்தாள். நகரச் சொன்னதற்கு, என் தோட்டம், நான் எங்கே போக என்று கேட்டுவிட்டாள். மேகலா ஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

புள்ளி தெரிந்தது. கலங்கலான மஞ்சளில் கலங்கலான கறுப்புப் புள்ளிகள். ஆறு பவருக்குக் கீழே இறங்க அந்த மகாராஜாவுக்கு வழியில்லை. திருகினாள், தலையைப் பின்னால் இழுத்தாள், மூச்சைப் பிடித்தாள். துள்ளுகிற உடம்பில் எது தொடை, எது விலா என்று தெரியவில்லை. தொடையில் பட்டால் மயக்கம். விலாவில் பட்டால் நுரையீரல், சாவு. குரங்கின் காது முடியைக் காட்டிய ஸ்கோப்பில் ஒரு முழுச் சிறுத்தையைக் காணோம்!

கரடி நினைவு வந்தது. கூடவே பதினெட்டாயிரத்து ஐநூறும், குருமூர்த்தியின் சிரிப்பும் வந்தன. அவர் கயிற்றுக்கு அப்பால்தான் நின்றுகொண்டிருந்தார்.

அவள் திருகைத் தளர்த்தி ஸ்கோப்பைக் கழற்றினாள். வரப்பு மண்ணில் வைத்தாள். கீழே பழைய இரும்புக் குறிமுனை இருந்தது. அதன் வழியாகப் பார்த்தாள். மூக்கிலிருந்து வால் வரைக்கும் சிறுத்தை முழுசாகத் தெரிந்தது.

இனித் தூரம். கண்ணுக்கு முப்பது போலத் தோன்றியது. முப்பது என்று தோன்றியதுமே துப்பாக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். இந்தக் கண்ணை நம்பி ஒரு உயிர் போனது போதும்.

"வெங்கடம்மா, செடி வரிசைக்கும் வரிசைக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி?"

"நாலடிம்மா. சொட்டுநீர்ப் பைப்புக்காரன் டேப்பு வெச்சு அளந்து போட்டது."

"அடி மாறவே மாறாதே?"

"மாறுனா நான் காசு குடுத்திருப்பேனா?"

மேகலா குச்சி நட்டுக் கட்டிய தக்காளி வரிசைகளை விரல் விட்டு எண்ணினாள். பதினெட்டு. இன்னொரு தடவை எண்ணினாள், அதே பதினெட்டு. எழுபத்திரண்டு அடி, இருபத்திரண்டு மீட்டர். அட்டவணையைப் பார்த்து அழுத்தத்தைக் குறைத்தாள். சிறுத்தை ஒரு நொடி களைத்துப் பக்கவாட்டில் நின்றது. சுட்டாள். தொடையில் ஊசியின் சிவப்புக் குஞ்சம் ஒட்டிக்கொண்டது. ஒன்பது நிமிஷத்தில் சிறுத்தை தலையைத் தரையில் சாய்த்தது. கம்பியை வெட்டினார்கள், காயத்துக்கு மருந்து வைத்தார்கள், வலையில் தூக்கிக் கூண்டுக்குள் படுக்க வைத்தார்கள். ரோட்டில் விசில் பறந்தது.

குருமூர்த்தியைப் பிடிக்க முடியவில்லை. மைக் நீட்டிய நாலு நிருபர்களிடம், "போன மாசம்தான் இதுக்குன்னே புது ஸ்கோப் வாங்கினோம். நம்ம டாக்டரம்மா தேடிப் புடிச்சு வாங்கினது. எல்லா ரேஞ்சுலயும் இதே மாடலை வாங்கச் சொல்லி நானே லெட்டர் போடப் போறேன்" என்றார்.

மேகலா வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் எல்லா ரேஞ்சிலும் அவளைப் போல ஒருவர் வரப்பில் படுத்து, புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டு கிடப்பதை நினைத்தாள்.

"சார், எழுதாதீங்க" என்றாள். "ஸ்கோப்பக் கழட்டி வெச்சுட்டுத்தான் சுட்டேன்."

குருமூர்த்தி சிரித்தார், விளையாடுகிறாள் என்று. ஆனந்தராஜ் மண் ஒட்டிய ஸ்கோப்பைத் தூக்கிக் காட்டினான்.

"கிட்டத்துல இது ஒண்ணுமே காட்டலீங்க சார். கடைக்காரர் அப்பவே சொன்னாரு. நான்தான் கேக்காம தப்பா வாங்கிட்டேன்" என்றாள் மேகலா.

"அட, அதுக்கென்னம்மா, போனாப் போவுது, மாத்திக்கலாம். எதுல சுட்டா என்ன, பட்டுச்சில்ல? பழைய குறிமுனையிலயே எவ்ளோ அழகா..." என்றவர் பாதியில் நிறுத்தினார். புருவம் சுருங்கியது. "அதுதான் கெட்டுப் போச்சின்னு எழுதுனீங்களே. அப்ப அந்தக் கரடிக்கு?"

நிருபர்களின் மைக் இன்னும் நீட்டியபடிதான் இருந்தது.

"குறிமுனை நல்லாத்தான் இருந்துச்சி சார். தூரத்தை நான்தான் தப்பாப் போட்டேன். நாப்பத்தெட்டு மீட்டரை முப்பதுன்னு நெனச்சேன். அறிக்கையில எழுதுனது பொய்."

குருமூர்த்தி நிருபர்களைக் கையசைத்து அனுப்பினார். போகாதவர்களை ஒரு அதட்டல் போட்டார். பிறகு அவளிடம் தணிந்த குரலில், "இத எல்லாரும் போன பொறவு சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"போன பொறவுன்னா சொல்லியிருக்க மாட்டேன் சார்."

"ரெண்டு மாசமா அந்தக் குறிமுனையச் சொல்லிச் சொல்லி எல்லார்கிட்டயும் சண்டை போட்டனேம்மா."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"துப்பாக்கிய ஆனந்தராஜ்கிட்ட குடுங்க" என்றார் குருமூர்த்தி. "புதுசா அறிக்கை எழுதிக் குடுங்க. மேல என்ன சொல்றாங்களோ, அப்புறம் பாக்கலாம்." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஜீப்புக்குப் போனார்.

மேகலா துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுக் கூண்டருகே போய் உட்கார்ந்தாள். மயக்கம் தெளியும்வரை மூச்சு எண்ண வேண்டும். அந்த வேலை இன்னும் அவளுடையதுதான். கரடி செத்த அன்று அவளுக்கு அழுகை வரவில்லை. குவாரிக் கரையில் நிற்கும்போதே என்ன காரணம் எழுதலாம் என்று தேட ஆரம்பித்திருந்தாள். இப்போது சிறுத்தையின் விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அந்தக் கரடிக்காக அழுதாள், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் அழுதாள்.

ஆனந்தராஜ் மூச்சுக் கணக்கு எழுதும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மேடம், எத்தனைன்னு போடட்டும்?"

"இரு" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மறுபடி மொதல்லருந்து எண்ணுறேன்."