தோக்தோசுன் வாசலில் இரண்டு கோல்கள்

உலகத்தில் உள்ள ஒழுக்கக் கேள்விகள் மொத்தம் முப்பத்தேழு. அத்தனைக்கும் ஷும்கார் விடை கண்டுபிடித்துவிட்டான். தலைநகர் பிஷ்கெக்கில் மூன்றாம் ஆண்டு சட்டம் படிக்கிறவன், குளிர்கால விடுமுறையில் சொந்த மலைக்கிராமமான கரா-பெல்லுக்கு வந்து, பதினோரு விசுவாசிகள் கூடும் ஜெப வீட்டில் அவற்றைப் புதன்கிழமைதோறும் அவிழ்த்து வைத்தான்.

புளித்த குதிரைப்பால் குடிக்கலாமா? அரைக் கிண்ணம். மாஸ்கோவுக்குப் பிழைக்கப் போனவன் ஞாயிற்றுக்கிழமை டாக்ஸி ஓட்டலாமா? ஆராதனை முடிந்த பிறகு. பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டாயக் கல்யாணம் செய்தவன் சபையில் பாட்டுப் பாடலாமா? முதலில் போலீஸ் ஸ்டேஷனில் பாடட்டும்.

"இனிமே யாரும் மூளையைக் கசக்க வேண்டாம். எல்லாம் நோட்டுல இருக்கு" என்றான். அவன் சிரிக்கவில்லை.

இருபத்தொன்றாவது கேள்வி, சாவு வீட்டு அழுகை. துக்கத்துக்கு வரும் ஆண்கள் தெருமுனையிலிருந்தே இடுப்பில் கை வைத்து, "எங்கப்பாவே!" என்று கதறியபடி ஓடி வர வேண்டும். செத்தவரின் பிள்ளைகள் கம்பளிக் கூடாரத்துக்கு வெளியே, இடுப்பில் கச்சை கட்டி, கோல் ஊன்றி நின்று, பதிலுக்குக் கதற வேண்டும்.

"கண்ணீர் வராதவன் கதறினா அது பொய்ச்சாட்சி. ஒன்பதாம் கட்டளை. கூடாது." சொன்னதோடு நிற்காமல் துடைப்பத்தை ஊன்றி நடித்தும் காட்டினான். சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வாரநாளில் இரும்பு கேட் வெல்டிங்கும் ஞாயிறன்று பிரசங்கமும் செய்யும் இஷென் பைகேகூடச் சிரித்துவிட்டு, பிறகு தரையைப் பார்த்தார். ஊருக்கே மூத்த அண்ணன் என்பதால் எல்லாருக்கும் அவர் பைகேதான்.

அவர் தரையைப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஷும்காரின் அம்மா இறந்தபோது, ஞானஸ்நானம் எடுத்தவளுக்கு முஸ்லிம் முன்னோர் மண்ணில் இடமில்லை என்று, ஜெப வீட்டுக்கே ஒருமுறை பூட்டுப் போட்ட ஊர்ப்பெரியவர் தோக்தோசுன் சொல்லிவிட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆடு மேயும் சரிவில் அவளைத் தனியாகப் புதைத்தார்கள். அன்று ஷும்கார் காலையிலிருந்து பொழுது சாயும்வரை கோல் ஊன்றி நின்றான். சபைக்காரர்கள் உள்ளே அடுப்போடு அல்லாடிக்கொண்டிருந்தார்கள். ஊரிலிருந்து ஒருவரும் ஓடி வரவில்லை.

இந்த ஜனவரியில் தோக்தோசுன் இறந்தார்.

"கடப்பாரையை எடுத்துக்க. குழி தோண்ட ஆளில்ல" என்று இஷென் பைகே ஷும்காரின் வீட்டு வாசலில் வந்து நின்றார். பின்னால் சபை ஆண்கள் நாலு பேர்.

"ஊர் ஆம்பளைங்க என்ன ஆனாங்க?"

"பாதி மாஸ்கோ. மீதிக்கு மூட்டு வலி. மண்ணு ரெண்டு முழத்துக்கு ஒறஞ்சு கெடக்கு."

"எங்கம்மாவுக்கு இல்லைன்ன மண்ணு அது. நாம போய்த் தோண்டணுமா? இது எத்தனாவது கேள்வி, சொல்லுங்க பைகே."

இஷென் பைகே யோசித்தார். வாதத்தில் அவர் யாரையும் ஜெயித்தது கிடையாது. "தெரியலப்பா" என்றார். "நம்பர் இல்லாமத்தான் போறேன்."

மாவுக் கையோடு அக்கா பெர்மெத் எட்டிப் பார்த்தாள். "போறதுன்னா போ. இல்லைன்னா வந்து அடுப்புக்கு வறட்டி எடுத்துப் போடு. நடுவுல நின்னு குளிரை உள்ள விடாத, வக்கீலு."

ஷும்கார் போனான். ஆனால் பார்வையாளனாக. சட்டைப்பையில் நோட்டு இருந்தது. கையில் கடப்பாரை இல்லை.

தெருமுனை திரும்பியதும் பனிக்கு நடுவே கூடாரம் தெரிந்தது. தோக்தோசுனின் இளைய மகன் கியாஸ், ஷும்காரோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், கோல் ஊன்றித் தனியாக நின்றான். மூத்தவனுக்கான கோல் கூடாரத்தில் சாய்ந்திருந்தது. மூத்தவன் மாஸ்கோ விமான நிலையத்தில் பனி நிற்கக் காத்திருந்தான்.

சபை ஆட்களைக் கண்டதும் கியாஸின் முகம் வெளுத்தது. கடப்பாரையோடு ஐந்து பேர் வந்தால் யாருக்கும் வெளுக்கும். கிழவர்கள் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

இஷென் பைகே கடப்பாரையைப் பனியில் போட்டார். இடுப்பில் கை வைத்தார்.

"எங்கப்பாவே!"

கால் ஊனமானவர், நொண்டிக்கொண்டே ஓடினார். நாலு பேரும் பின்னால் ஓடினார்கள். கதறல் எதிர்ச்சரிவில் மோதித் திரும்பி வந்தது. நாய் குரைப்பதை நிறுத்தியது. உள்ளே பெண்களின் ஒப்பாரி ஒரு கணம் அறுந்து, பிறகு முன்னைவிட ஓங்கி எழுந்தது.

ஷும்கார் அவர் முகத்தில் பொய்யைத் தேடினான். மூன்று வருஷம் சட்டம் படித்தவனின் கண்ணோடு தேடினான். ஜெப வீட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்ட மனிதனை, அவனுடைய அம்மாவைத் துரத்திய மனிதனை, இவர் அப்பா என்று கூப்பிடுகிறார். மீசையில் கண்ணீர் உறைந்து நிற்கிறது. பொய் எங்கேயும் இல்லை. எந்த நோட்டிலும் அடங்காத ஏதோ ஒன்று கண்ணெதிரே நொண்டி ஓடியது. பிறந்ததிலிருந்து அடிவாரத்திலேயே கிடந்தவன் முதல்முறையாக நிமிர்ந்து மலை முழுவதையும் பார்த்ததுபோல அவனுக்கு இருந்தது.

கியாஸ் பதிலுக்குக் கதற வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. இஷென் பைகேயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மேலத்தெருவிலிருந்து இன்னொரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. தனியாளாக நின்று கியாஸால் தாங்க முடியாது என்பது கண்ணுள்ள எவனுக்கும் தெரிந்தது.

ஷும்கார் கழுத்துத் துண்டை அவிழ்த்து, கோட்டின்மேல் இடுப்பில் கட்டினான். கூடாரத்தில் சாய்ந்திருந்த கோலை எடுத்துக்கொண்டு கியாஸின் பக்கத்தில் போய் நின்றான்.

"அது அண்ணனோடது" என்றான் கியாஸ். குரலுக்குப் பதில் காற்றுத்தான் வந்தது.

"தெரியும்."

"உங்கம்மாவுக்கு நான் வரலடா."

"அதுவும் தெரியும். நேரா நில்லு, ஆளு வராங்க."

தெருமுனையில் முதல் கதறல் கேட்டது. ஷும்கார் கோலின்மேல் குனிந்து, கியாஸுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்தான்.