பாண் கம்பனிக்கு முதலாளி வருகிறார்

…ஆனாலும் முகம் என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும், முகமில்லாத முதலாளி உலகத்தில் உண்டா, இன்றைக்குப் பார்த்துவிடலாம், பார்த்தே விடலாம் என்று அரியரத்தினம் விடியவே வந்துவிட்டார். ஸ்பிரிங்வேலில், ரொட்டி சுடும் அந்தப் பாண் தொழிற்சாலை வாசலில், கையில் பொன்னாடையோடு, நிற்க முடியாமல் நின்றார். கிரேக்கக் கிழவன் நடத்திய காலத்தில் தூஷணத்தால் ஏசுவான், அடுத்த நிமிடம் சுடச்சுடப் பாண் பிய்த்துத் தருவான், அவன் முதலாளி… அவன் விற்றான், வாங்கியவனை இன்னொரு கம்பனி விழுங்கிற்று, அதை அதைவிடப் பெரியது, இப்போதிருக்கும் பெயருக்கு நாக்கே புரளவில்லை. வேலை நேரத்தைக் கைபேசி சொல்கிறது, லீவு இல்லை என்பதும் கைபேசி, அடுத்த மாதம் இந்த இடத்தை மூடி எல்லாவற்றையும் நூறு கிலோமீட்டர் தள்ளிக் கீலோங் பக்கம் கொண்டுபோகிறோம் என்றதும் அதே சனியன்தான். கார் ஓடத் தெரியாத கிழவன் கீலோங்குக்கு எப்படிப் போவது? கைபேசியிடம் கெஞ்சலாமா? இன்றைக்கு மேலிடத்திலிருந்து ஆள் வருகிறதாம், ஆளிடம் கெஞ்சலாம். பொன்னாடை போர்த்தியவனிடம் எந்த மனுசன் மாட்டேன் என்பான்? கோயில் சபைத் தலைவரே ஒருக்கால் பொன்னாடைக்கு வளைந்துகொடுத்தவர்…

"அண்ணை, உதென்ன, கலியாண வீடோ?" தட்டு அடுக்கும் யோகா சிரித்தாள். "வாயைப் பொத்தடி. உன்ர வேலையும் தப்பினால் நீயும் வந்து கும்பிடுவாய்." கார் வந்தது, சீ, இவ்வளவு சின்னக் காரா, ஏமாற்றுகிறார்களோ, இறங்கியவன் எங்கள் பெடியன் மாதிரி, சட்டையில் கஜீவன் என்று பெயர், தமிழனே முதலாளியா, அடி சக்கை! கால்கள் தாமாக ஓடின, விரித்தார், போர்த்தினார், யோகா கைதட்டினாள். "முதலாளி, இதை மூடாதேங்கோ." பெடியன் கூசிப்போனான். "ஐயோ அங்கிள், நானும் சம்பளத்துக்குத்தான். எனக்கு மேல இருக்கிற மனேஜரை நானே இன்னும் கண்டதில்லை." "அப்ப ஆரடா தம்பி சொந்தக்காரன்?" "பங்கெல்லாம் சூப்பர் ஃபண்டுகளிட்டை. உங்கட சூப்பர் எங்க கிடக்கு?" சொன்னார். பெடியன் கைபேசியைத் தட்டிப் பார்த்தான். "ஓம், அவையும் இதிலை போட்டிருக்கினம்."

சூப்பர்… வயதுபோன காலத்துக்கென்று சம்பளத்தோடு சேர்த்து ஒதுக்குகிற அந்தக் காசு, அதுவா, அது இங்கேதான் கிடக்கிறதா, அப்படியென்றால் தானும் முதலாளி, ஒரு பாண் துகளளவுக்கு என்றாலும்… கீலோங்குக்குப் போனால் லாபம் கூடும், அங்கிளின் காசும் கூடும் என்று பெடியன் சொல்லிக்கொண்டே போனான், பாதி காதில் விழவில்லை, சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, மூடச் சொன்னவர்களில் அரியரத்தினமும் ஒருத்தன், சரி, கெஞ்சுவதற்கு ஓர் ஆள் கடைசியில் அகப்பட்டுவிட்டான், ஆனால் அவன் மனம் இரங்கக்கூடியவன்தானா…