ரெண்டுக்கும் அஞ்சுக்கும் நடுவே

கரும்பலகையில் 25 என்று எழுதியிருந்தது. பிலோமி டீச்சருக்கு அது போதவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷத்துக் கார்த்திகை. கொழும்புக்குப் புறப்பட்ட தோணிகளைப் புயல் அடித்துக்கொண்டு போய் மூன்று நாளாயிற்று. தூத்துக்குடித் துறைமுகத்துத் தோணிக் கொட்டகையில் பெண்கள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தார்கள். மூன்று தோணிகள் வேம்பாரில் கரை ஒதுங்கிவிட்டன, ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று அந்த ஊர் உப்பளக் கணக்கப்பிள்ளை சீட்டெழுதி மத்தியான பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தார். கொட்டகைக் குமாஸ்தா ராஜதுரை அதைப் பார்த்துப் பலகையில் எழுதினான்: 34, 61, 25. இருபத்தைந்தாம் தோணியை ஓட்டிப்போன தண்டல், பிலோமியின் புருஷன் வில்பிரட்.

"மாதா கண்ணத் தொறந்துட்டா டீச்சர், வீட்டுக்குப் போங்க" என்று எல்லாரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் போகவில்லை. வாசலுக்கும் பலகைக்குமாக நடந்தாள். கணக்குக்குச் சரியான விடையே சொன்னாலும் 'வழியைக் காட்டு' என்று பிள்ளைகளின் உயிரை எடுக்கிறவள். அந்தப் புத்தி எங்கே போகும்?

"தம்பி, அந்தச் சீட்ட ஒருக்கா நான் பாக்கட்டுமா?"

"நல்லாப் பாருங்க டீச்சர். பெரியவரு பழைய தமிழ் எண்ணுல எழுதிருக்காரு. நடுவுல ஏதோ ஒரு குறி வேற. அத விட்டுட்டு எழுதுனா சரியா வந்துருது. நான் கண்டுபிடிச்சிட்டேம்லா!"

பெரிய கெட்டிக்காரத்தனம்தான். முதல் எண் ௩௰௪. மூன்று, பத்தின் குறி, நான்கு. குறியை விட்டாலும் முப்பத்துநான்குதான். அடுத்தது ௬௰௧, அறுபத்தொன்று. அதுவும் சரி. மூன்றாவது ௨௱௫.

பிலோமி இன்னொரு தரம் பார்த்தாள். நடுவில் இருந்தது பத்தின் குறி அல்ல, நூற்றின் குறி. இரண்டு நூறும் ஐந்தும். பத்தின் இடத்தில் ஒன்றுமில்லை. பழைய முறையில் ஒன்றுமில்லாததை எழுத வேண்டியதே இல்லை. புது முறையில் அங்கே சுழி போடாவிட்டால் நூறு இறங்கிவந்து பத்தின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். மூணாம் பாரத்துப் பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் தொண்டைத் தண்ணீர் வற்ற அவள் நடத்துகிற பாடம் அது.

இருநூற்றைந்தாம் தோணியில் போனவன் கருப்பட்டி வியாபாரி செந்தூர்பாண்டி. சரக்கோடு தானும் ஏறிப்போயிருந்தான். அவன் பெண்டாட்டி சீனித்தாய் இரண்டடி தள்ளி, தூணில் தலையை முட்டிக்கொண்டிருந்தாள். தாலியைப் பிடித்திருந்த கையை யாராலும் பிரிக்க முடியவில்லை.

பிலோமி சீட்டை மடித்தாள். நாளைக்குத் தோணிகள் வந்தால் தன்னால் தெரிந்துவிடும். ஒரே ஒரு ராத்திரி. வில்பிரட் உயிரோடு இருக்கிறான் என்று நம்பித் தூங்க ஒரு ராத்திரி எனக்குக் கிடைக்கக் கூடாதா மாதாவே? கேட்டாள், வெட்கப்படவும் இல்லை. வாசல்வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். சீனித்தாய்க்கு அழுது அழுது குரல் அடைத்து வெறும் காற்றுத்தான் வந்தது. அந்தச் சத்தத்தைப் பிலோமியால் தாங்க முடியவில்லை.

விறுவிறுவென்று பலகைக்குப் போய் 25-ஐ உள்ளங்கையால் அழித்தாள். 205 என்று எழுதினாள்.

"டீச்சர், என்ன பண்ணுதீங்க?" ராஜதுரை பதறினான்.

"நீ விட்டது நூறோட குறி தம்பி. வந்திருக்கது எரநூத்தஞ்சு. ஏளா சீனித்தாயி, எந்திரி! ஒம் மாப்பிள வேம்பார்ல இருக்காரு."

சீனித்தாய் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். சிரித்தாள், அழுதாள், அவள் தோளெல்லாம் நனைத்தாள். பிறகு பிடி மெல்லத் தளர்ந்தது.

"டீச்சர்... அப்பம் ஒங்க வீட்டு அண்ணாச்சி?"

"தெரியல."

சீனித்தாய் அவள் கையைப் பிடித்து உட்காரச் சொன்னாள். பிலோமியால் உட்கார முடியவில்லை. வேம்பாரிலிருந்து அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டே வாசலுக்குப் போனாள்.