ஸ்பிரிட் கலக்காத பெட்ரோல்

செங்கம் ரோட்டில் என் வீட்டுக்குப் பின்னால் நின்ற தூங்குமூஞ்சி மரம் புயல் மழையில் மாட்டுக் கொட்டகை மேல் சாய்ந்துவிட்டது. விடிந்தும் விடியாத நேரம். ஓடிப்போய்ப் பார்த்தால் கூரை நொறுங்கிக் கிடக்கிறது, பசு கீழே மடங்கிக் கிடக்கிறது. அதன் இடுப்பின் மேல் தொடைப் பருமனில் ஒரு கிளை. நசுக்கவில்லை, ஆனால் எழ விடவில்லை. பசு நிறைமாதச் சினை. மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் வேறு கொட்டகைக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

என் பெண்டாட்டி ராஜம்மாள் தண்ணீரில் உட்கார்ந்து பசுவின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். "மிஷின எடுத்தாய்யா!"

மரம் அறுக்கும் மிஷின் என்னிடம் உண்டு. வெயில் காலத்தில் கெஸ்ட் ஹவுஸ்களுக்குக் கிளை கழிப்பதுதான் என் பிழைப்பு. வேலை முடிந்தால் துரு ஏறாமலிருக்க டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றி மூலையில் வைப்பேன். மிச்சப் பெட்ரோல் கேனில் இருக்கும். கேன் உப்பிக்கொள்ளும் என்று மூடியைத் தளர்த்தி வைப்பேன். எப்போதும் அப்படித்தான்.

கயிற்றை இழுத்தேன். உறுமவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டு இழுத்தேன். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். சந்தேகம் வந்து கேன் பெட்ரோலை ஒரு பாட்டிலில் ஊற்றிப் பார்த்தேன். அடியில் கலங்கலாய்த் தனியே ஒன்று நின்றது.

"பெட்ரோல் பங்க்காரன் தண்ணி கலந்துட்டான், திருட்டுப் பய!"

"அவன அப்பறம் திட்டு. சக்கரபாணிகிட்ட கேளு."

சக்கரபாணி அடுத்த வீடு. அதே கெஸ்ட் ஹவுஸ்களில் மிஷின் வைத்துப் புல் வெட்டுகிறவன். கோடையில் டீக்கடையில் வைத்து என்னிடம் சொன்னான்: "இப்ப வர்ற பெட்ரோல்ல கரும்பு ஸ்பிரிட் ஜாஸ்தியா கலக்கறாங்க. அது காத்துல கீற ஈரத்தக் குடிச்சிட்டு அடியில தங்கிடும். சும்மா கெடக்கற மிஷினுக்கு ஆவாது. டவுன்ல ஒரே ஒரு பங்க்ல ஸ்பிரிட் கலக்காதது கெடைக்குது, அத வாங்கு." "உனக்கு அவன் எவ்ளோ கமிஷன் தரான்?" என்று கேட்டேன். கடையே சிரித்தது. அதிலிருந்து பேச்சு இல்லை. பிறகு இரண்டு கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் என்னைக் கூப்பிடாமல் விட்டார்கள். இவன்தான் ஏதோ ஓதியிருப்பான் என்று வைத்துக்கொண்டேன்.

"அவன் வாசல்ல போய் நான் நிக்கணுமா?"

"நீ நிக்க வேணாய்யா. மாடு நிக்கணும்."

கோடாலியை எடுத்து ஒரு போடு போட்டேன். கிளை இன்னும் அழுந்தியது. பசு அலறிய அலறலில் கோடாலியைத் தூக்கி எறிந்துவிட்டு மதிலுக்கு ஓடினேன். அவன் அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தான்.

"கூப்புடுவன்னு பாத்தேன் வேடியப்பா," என்றான்.

"பெட்ரோல் குடு."

கேனோடு மதிலேறிக் குதித்தான். வாங்கி உள்ளங்கையில் ஊற்றி மோந்து பார்த்தேன்.

"மோந்துக்கினே இரு. மாடு முழுவட்டும்."

டேங்கைக் கவிழ்த்து, அலசி, அவன் ஆயில் கலந்து வைத்திருந்த பெட்ரோலை ஊற்றினோம். இழுத்தேன். ஒரு இருமல் இருமி நின்றுபோனது. சக்கரபாணி டேங்குக்குள் கம்பியை விட்டுப் பெட்ரோல் குழாயை வெளியே இழுத்தான். அது ஊறிய அவல் மாதிரி கையோடு பிய்ந்து வந்தது.

பசுவின் மூக்குக்கு நாலு விரல் கீழே தண்ணீர்.

சக்கரபாணி வீட்டுக்குப் போய்த் தன் புல்வெட்டு மிஷினைத் தூக்கிவந்து, அதன் குழாயைக் குறடால் பிடுங்கி என் மிஷினில் மாட்டினான். மலையில் தீபத் திருவிழா வாரம். கெஸ்ட் ஹவுஸ் ரூமெல்லாம் ஆள் நிறைந்திருக்கிறது. அவனுக்கு வருஷத்து வேலையே இந்த வாரம்தான்.

"இன்னாத்துக்குய்யா இதெல்லாம் பண்ற? அப்பறம் இன்னா கேக்கப் போற?"

"மொதல்ல கயித்த இழு."

இழுத்தேன். பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ராஜம்மாள் அழுதாள்.

ஆனால் அறுத்தால் துண்டு பசு மேல்தான் விழும். சக்கரபாணி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தான், போதவில்லை. குனிந்து கிளைக்கடியில் தோளைக் கொடுத்தான். அறுக்கிற சங்கிலி அவன் காதுக்கு ஒரு முழம் தள்ளிச் சுற்றும்.

"வேடியப்பா, என் கழுத்து மேல பழைய கணக்கத் தீத்துடாத."

"ஆடாம நில்லு."

மிஷினைக் கிளையில் வைத்தேன். அவன் கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்தான். மரத்தூள் அவன் முகத்தில் அப்பியது. கிளை முறிந்ததும் ராஜம்மாளும் சேர்ந்து தள்ள, துண்டு தண்ணீரில் விழுந்தது.

பசு எழப் பார்த்தது. முன்கால் ஊன்றியது, பின்கால் மடங்கிவிட்டது. படுத்தால் முழுகிவிடும். வயிற்றுக்கு அடியில் சாக்கை விட்டு, ஒரு முனையை நானும் மறுமுனையை அவனும் பிடித்துத் தூக்கி நிறுத்தினோம். ராஜம்மாள் மாட்டு டாக்டருக்கு போன் போட்டாள். ரோட்டில் தண்ணீராம், வர நேரமாகுமாம்.

நின்றோம். யார் கையை விட்டாலும் மாடு சாய்ந்துவிடும்.

"விட்றாத," என்றேன்.

"நீ விடாம இரு, போதும்."

கொஞ்ச நேரம் கழித்துச் சாக்குக்குள் என் முழங்கை மேல் ஒரு உதை விழுந்தது. கன்று.

"உனக்குத் தெரிஞ்சுதா?"

"என் பக்கம் ஒண்ணும் இல்ல," என்றான் சக்கரபாணி. "உன்னத்தான் ஒதைக்குது."